கல்லறை வேண்டாம் என்ற அக்காவுக்கு

என் உயிருக்குயிரான அக்கா,

போன வாரம் கருப்பையா பூசாரியை நம் மலைச்சரிவு இடுகாட்டில், அவர் சம்சாரத்துக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். யாரும் மறிக்கவில்லை. குழியை மூடும்போது சனங்கள் உன் பேரைத்தான் சொன்னார்கள். அதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

செத்தவளுக்குக் காது ஏதுட்டி என்பாய். இருக்கட்டும். நான் நம்புகிறவள். நீ கேட்கிறாய் என்று நினைத்தே எழுதுகிறேன்.

நீ சர்ச்சுக்கு வருவதை நிறுத்தியபோது அம்மா முழங்காலில் நின்று அழுதாள். ஏன் நம்பிக்கை போனது என்று நானும் எத்தனையோ முறை கேட்டேன். "தேடிப் பாத்தேன், இல்லட்டி" என்பாய், அவ்வளவுதான். பகலெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, சாயங்காலம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போவாய். காய்ச்சலில் துவண்ட பிள்ளைகளை மந்திரிக்க விடாமல் பிடுங்கி, ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவாய்.

மந்திரிக்கிறவர் கருப்பையா பூசாரி. சாமி இல்லை என்கிறவள் பொதுக் குழாயைத் தொடக் கூடாது என்று கூட்டம் போட்டுச் சொல்லவைத்தார். அந்தக் கோடை முழுக்க நீ ஓடையில் தண்ணீர் மோந்தாய். ஒரு நாளாவது அவரை ஏசியிருப்பாயா?

பிறகுதான் தோட்டத்தின் மேல்பகுதி கைமாறியது. ரிசார்ட் கட்ட வந்தவர்கள் இடுகாட்டுப் பாதையில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார்கள். சிலுவைக்காரரும் திருநீற்றுக்காரரும் தலைமுறையாகப் புதைத்து வந்த மண் அது. இருக்கிற வீடே கம்பெனியுடையது. நமக்கென்று வேறு மண் ஏது? பூட்டு விழுந்த பிறகு நடந்த முதல் சாவு, பூசாரியின் சம்சாரத்துடையது.

நல்ல மழை. கேட்டுக்கு முன்னால் பாடையை இறக்கி வைத்துவிட்டு அவர் கும்பிட்டபடி நின்றார். உங்கள் ஆட்களை மலைக்குக் கீழே உங்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போடிக்குக் கொண்டுபோய் எரியுங்கள் என்றார் ரிசார்ட் மேனேஜர். தொழிற்சங்கத்து ஆட்கள்கூட ஒதுங்கி நின்றார்கள். நீ கொழுந்துக் கூடையோடு வந்தாய். கூடையை இறக்கி வைத்தாய். பாடைக்குப் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாய். பூசாரியால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

செத்தால் ஒன்றுமில்லை என்கிற உனக்கு இடுகாடு எதற்கு என்று உன் காதருகே கேட்டேன்.

"செத்தவளுக்கு ஒண்ணும் வேண்டாம்ட்டி. இந்த மனுசன் வந்து அழ ஒரு எடம் வேணும்லா?"

அதைக் கேட்டு நானும் உட்கார்ந்தேன். பிறகு சர்ச்சு ஆட்கள், கோயில் ஆட்கள் என்று ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பொழுது சாயும் முன் தாசில்தார் வந்து கேட்டைத் திறக்க வைத்தார்.

அதோடு முடிந்ததா? ரிசார்ட்காரர்களோடு கேஸ் வருஷக்கணக்கில் நடந்தது. வாய்தாவுக்குப் போகும் வழியில் அவர்களுடைய ஆட்கள் மறித்து உன் கையை ஒடித்தார்கள். கட்டுப்போட்ட கையோடு அடுத்த வாய்தாவுக்குப் போனாய். கடைசியில் இடுகாடு சனங்களுக்கே என்று தீர்ப்பு வந்தது. தண்ணீர் மறுத்தவருக்காக இவ்வளவையும் தாங்க உனக்கு எங்கிருந்து பலம் வந்தது? எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை, அக்கா.

உன் இருதயம் நின்ற அன்று, நீ மீட்ட மண்ணிலேயே உனக்குப் பெரிய கல்லறை கட்டவேண்டும் என்றார்கள் சொந்தக்காரர்கள். நீயோ கல்லறையே வேண்டாம், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடு என்று என்னிடம் சொல்லிவைத்திருந்தாய். சம்மதம் சொல்ல வேண்டியவள் நான். உன்னைப் புதைக்காமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அப்போது பூசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"எங்கள எங்க இஷ்டப்படி அழ விட்டுச்சு இந்தப் பிள்ள. அது இஷ்டப்படி அது போகட்டும் தாயி."

சம்மதித்தேன். வண்டி கிளம்பியபோது ஜெபமும் இல்லை, மந்திரமும் இல்லை. லயத்துச் சனம் அத்தனையும் ரோட்டோரம் பேசாமல் நின்றது. அப்படியொரு அமைதியை நான் எந்த ஆராதனையிலும் கண்டதில்லை.

நேற்று ஆனைக்கரைப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் உன்னைத் தேடி வந்தார்கள். அங்கேயும் இடுகாட்டுப் பாதையை அடைக்கிறார்களாம். நீ இல்லை என்றதும் மூத்தவள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இனிமே நாங்க யாருகிட்ட போய்ச் சொல்ல?" என்றாள்.

நான் வாரேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கவே இல்லை, அக்கா.

திங்கட்கிழமை போகிறேன். உன்னைப்போல எனக்குச் சட்டம் பேச வராது. கிளம்புமுன் ஜெபம் செய்வேன், நீ கேலி செய்தாலும் செய்வேன். ஆனால் பாதை திறக்கும்வரை அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர்