வேகம் குறைத்தால் நின்றுவிடுகிறது

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் துறையை நெருங்கி வேகத்தைக் குறைத்ததும் படகு மோட்டார் இருமி இருமி நின்றுவிட்டது. முழு வேகத்தில் ஒரு குறையும் இல்லை. மெதுவாக ஓடவிட்டால்தான் உதறுகிறது. துடுப்புப் போட்டு என் மனைவியைத் தீவில் இறக்கிவிட்டேன். அங்கே மருத்துவ நிலையத்துக்கு அவள்தான் ஒரே நர்ஸ்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்களேன்" என்றாள்.

அவனையா? போன மழைக்காலத்தில் சரிசெய்கிறேன் என்று இதைக் கெடுத்தவனே அவன்தானே.

ஜூன் 4, புதன்

பிளக் இரண்டும் புதுசு. பெட்ரோல் புதுசு. பெட்ரோல் வரும் ஜெட் துளையை ஊதி ஊதி வாயெல்லாம் நாற்றம். அப்படியேதான் இருக்கிறது சனியன்.

ஜூன் 6, வெள்ளி

பேனா தேடி மேசையைத் திறந்தேன். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டு அவள் எழுதிய விண்ணப்பம். இன்னும் அனுப்பவில்லை. காரணம்: 'போக்குவரத்துச் சிரமம்'.

சிரமம் மோட்டாரா, நானா? கேட்க வாய் வரவில்லை. மூடிவைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

தீவிலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவ வலியோடு ஏற்றி வந்தோம். இந்தக் கரைக்கு இருபதடி இருக்கும்போது மோட்டார் நின்றது. நீரோட்டம் இழுத்து, படகு தூணில் மோதி — என் மனைவி அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். என் மனைவிக்கு முழங்கையில் நாலு தையல். பெண்ணும் பிள்ளையும் சுகம்.

ஏதாவது ஆகியிருந்தா? ஐயோ, ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன செய்வேன்?

ஜூன் 8, ஞாயிறு

ஓடும்போதே பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். மேல் ஒயரை எடுத்தால் நிற்கிறது. கீழ் ஒயரை எடுத்தால் ஒரு மாற்றமும் இல்லை. ஆக, கீழ் சிலிண்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. சோக்கைக் கொஞ்சம் இழுத்துக் காற்றைக் குறைத்தால் அதுவும் வேலை செய்கிறது. அப்படியானால் எங்கிருந்தோ கூடுதல் காற்று உள்ளே போகிறது. எங்கிருந்து?

கட்டுப் போட்ட கையோடு அவள் வந்தாள். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தைக் கழற்றிவிட்டு, வெறும் குழாயைக் கார்புரேட்டரைச் சுற்றி மெல்ல நகர்த்தினாள்.

"இங்க உஸ்ஸுனு இழுக்குதுங்க."

கழற்றினேன். காற்றுப் புகாமல் இடையில் அடைக்கும் கேஸ்கட் கிழிந்திருந்தது. கிழிசலில் காய்ந்த பசை.

என் பசை. மெக்கானிக் பார்த்துக்கொடுத்த மறுவாரம் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நான்தான் இதைத் திறந்தேன். கிழிந்ததை ஒட்டி மாட்டினேன். மறந்தே போய்விட்டது. மறந்ததா?

அவள் ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டு எழுந்து போனாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 9, திங்கள்

மெக்கானிக் பட்டறை வாசலில் மூன்று தடவை நடந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். "தப்பு என்னுதுதாம்பா" என்றேன்.

"ஆறு மாசமா ஊர் பூரா என் பேரை நாறடிச்சீங்களே. இதையும் ஊர் பூரா சொல்லுங்க" என்றான். ஆனாலும் கேஸ்கட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தான்.

மாட்டியாயிற்று. சீராக ஓடுகிறது.

ஜூன் 12, வியாழன்

விண்ணப்பத்தைப் பார்த்ததைச் சொல்லிக் கேட்டே விட்டேன். "மோட்டார்தான் சரியாயிடுச்சே. இன்னும் எதுக்கு மாற்றல்?"

"பிரசவ வார்டில வேலை பார்க்கணும்னு ஏழு வருஷமா சொல்றேன். அது உங்க காதுல விழவே இல்லையா?"

விழுந்தது. விழாத மாதிரி இருந்துவிட்டேன். இதையும் இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

விண்ணப்பத்தை நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன். வீட்டுக்கு வந்தும் உட்கார முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

தீவுக்குப் புது நர்ஸை ஏற்றிப் போனேன். மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தாள். "இந்த மோட்டார் நடுவழியில நின்னுடும்னாங்களே அண்ணா?"

"நின்னுது. நான்தான் கெடுத்து வச்சிருந்தேன். இப்ப சரி பண்ணியாச்சு."

அவளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது போன். நகரத்திலிருந்து என் மனைவி. வார்டில் நேற்று மட்டும் ஆறு பிரசவமாம்; மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். குறுக்கே பேசாமல் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை முதல் பஸ்ல வர்றேங்க. பத்து மணி ஆகும்."

ஒன்பதுக்கே துறையில் நிற்பேன் என்றேன்.