இடது ஓரத்தில் ஒரு வெட்டு

7 ஆகஸ்ட் 2006, திங்கள்

காலையிலேயே புழுக்கம். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் உட்கார இடமில்லை, திருக்கழுக்குன்றம் வரை நின்றே. ஆபீஸில் ஏ.சி. ஓடுகிறது, அது ஒன்றுதான் ஆறுதல்.

நான் எழுதுவது கப்பல் வரைபடத் திரைக்கான கிராபிக்ஸ் டிரைவர், திரையில் படத்தைக் கொண்டுவரும் புரோகிராம். புதிய பதிப்பு வெள்ளிக்குள் போயாக வேண்டும். மதியம் சோதனைத் திரையின் இடது ஓரத்தில் ஏதோ பளிச்சென்று வெட்டியது. மறுபடியும். பக்கத்து சீட் செல்வத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னா மேடம், ஒண்ணும் ஆடலயே. நல்லாத்தானே கீது."

"இடது ஓரம் பாருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார். "இல்ல மேடம். ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

குடித்துவிட்டு வந்தேன். இருக்கிறது.

8, செவ்வாய்

கேபிள் மாற்றினேன். திரையையே மாற்றினேன். செல்வத்தின் மெஷினில் உட்கார்ந்தேன். எல்லாவற்றிலும் இடது ஓரம்.

என் கண்ணாடி மைனஸ் ஒன்பது. போன வருடம் கண் டாக்டர் சொன்னது: "ஓரத்துல மின்னல் மாதிரி தெரிஞ்சா தள்ளிப் போடாதீங்க. விழித்திரை கிழிஞ்சிருக்கலாம்." தலையாட்டிவிட்டு நேராக வளையல் வாங்கப் போனேன்.

ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும், திரையா நானா என்று. ஒரு நிமிட வேலை. பிழை தேடுவதே என் தொழில். கை கண் வரை போனது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பியது.

ராத்திரி வீட்டுக்காரர் வந்தார். மச்சானுக்குப் பாத்திரக் கடையில் புதுச் சரக்கு, அந்தக் களைப்பு. "மூஞ்சி ஏன் ஒரு மாதிரி கீது?"

"பஸ்ஸுல நின்னுகினே வந்தேன்."

கேஸ் புக் பண்ண வேண்டும். கொத்தமல்லி.

9, புதன்

கண்ணை மூடிக்கொண்டு அரிசி களைந்து பார்த்தேன். முடிகிறது. புரோகிராம் எழுத முடியாது.

10, வியாழன்

கொச்சியிலிருந்து வாடிக்கையாளர் போன். கப்பலில் வரைபடம் நகரும்போது திரை ஆடுகிறதாம். மேனேஜர் ரா. சார் முகம் கறுத்து வந்து சொன்னார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆடுகிறது! கொச்சியிலும் ஆடுகிறது! அல்ஹம்துலில்லாஹ். பாத்ரூமில் போய் அழுதேன்.

"கம்ப்ளெயின்ட்டுக்கு இவ்ளோ சந்தோசப்பட்ட ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார் செல்வம்.

மாலையில் வரைபடத்தை வேகமாக நகர்த்திப் பார்த்தோம். முழுத் திரையும் படபடத்தது. செல்வத்துக்கும் தெரிந்தது. நான் கண்டது இடது ஓரத்தில் மட்டும்தானே என்று யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை.

11, வெள்ளி

பிடித்தாயிற்று. திரை ஒரு படத்தை மெமரியிலிருந்து எடுத்து முடிப்பதற்குள் டிரைவர் அந்த இடத்தைக் காலி என்று விட்டுவிடுகிறது. அடுத்த படம் அதன் மேலேயே வந்து ஏறுகிறது. பாதி பழசு, பாதி புதுசு.

"விருந்துல ஆள் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள தட்டைத் தூக்கி அடுத்தவருக்கு வெக்கிற மாதிரி சார்" என்றேன்.

ரா. சார்: "அப்போ முடிக்கற வரைக்கும் அந்தத் தட்டைத் தொடாதே."

அதேதான். திரை முடித்தேன் என்று சொன்ன பிறகே இடத்தை விடுவது. அதுவரை அடுத்த படத்துக்கு வேறு இடம். சில வரிகள்தான். மாலை வரை ஓட்டினோம், அசையவில்லை. கொச்சிக்கு அனுப்பியாயிற்று. செல்வம் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கினார்.

திரையை நேராக மட்டும் பார்த்தேன்.

13, ஞாயிறு

மச்சான் மாமல்லபுரம் கூட்டிப்போனார். நல்ல காற்று, சுண்டல். வெயில் கூசிக் கண்ணை மூடினேன்.

மூடிய கண்ணுக்குள் இடது ஓரம் வெட்டியது. இங்கே திரை இல்லை, டிரைவர் இல்லை.

திறந்தால் கடலுக்கு மேல் கறுப்புப் புள்ளிகள். கையை வீசினேன். போகவில்லை.

"இன்னாத்த ஓட்டிகினு கீறே? கொசுவா?"

"கொசு இல்ல மச்சான். என் கண்ணு."

"எத்தினி நாளா?"

"திங்கக்கெழமையிலேந்து."

திட்டவில்லை. சுண்டலை மணலில் வைத்தார். என் செருப்பைத் தேடி எடுத்து, குனிந்து காலில் மாட்டிவிட்டார். நிஜமான பயம் அப்போதுதான் வந்தது.

14, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து போட்டு எல்லாம் மங்கல். டாக்டரம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பார்த்தார், பார்த்தார். பிறகு:

"இடது விழித்திரையில கிழிசல். நல்லவேளை, இன்னும் பிரியல. இன்னைக்கே லேசர் வெச்சு சுத்தி ஒட்டிடலாம். வலதுலயும் ஒரு இடம் மெலிஞ்சிருக்கு, வெள்ளிக்கிழமை அதைப் பாப்போம். நடுவுல எது தெரிஞ்சாலும் ஓடி வாங்க."

பச்சை வெளிச்சம். ஒவ்வொரு தெறிப்பும் ஊசிக் குத்து. குர்ஆனில் யாசீன் ஓத ஆரம்பித்து நடுவில் மறந்து மறுபடி முதலிலிருந்து. வெளியே மச்சான் போனில் ரா. சாரிடம்: "வர மாட்டா சார். எப்போன்னு கேக்காதீங்க."

16, புதன்

எழுத்து பெரிது பெரிதாக விழுகிறது. இடது கண்ணில் வெட்டு குறைந்திருக்கிறது. காலையில் செல்வம் போன் செய்தார். கொச்சியில் ஆட்டம் நின்றுவிட்டதாம், கப்பல் கிளம்பிவிட்டதாம். "நீங்க சீக்கிரம் வாங்க மேடம்." சரி என்றேன். வேலை இருக்குமா, தெரியவில்லை.

போனை வைத்துவிட்டுப் பால் காய்ச்சினேன். வலது ஓரத்தில் ஒரு வெட்டு. ஒரே ஒரு தடவை. பிரமையாகவும் இருக்கலாம்.

அடுப்பை அணைத்தேன். "மச்சான்!"

பாதிச் சவரத்தில் ஓடி வந்தார். கண்ணைக் காட்டினேன். முகத்தில் சோப்போடே தெருவில் நின்று ஆட்டோவைக் கூப்பிடுகிறார், இங்கே கேட்கிறது. ஆட்டோ வந்துவிட்டது. மீதியை வந்து எழுதுகிறேன்.