இங்கே முதலில் இருட்டிவிடும்

சமையலறைத் தட்டில் உன் பங்கு நெத்திலிக் கருவாடு இருக்கிறது. அபி சென்னைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், பழக்கத்தில் இரண்டு பொட்டலமாகக் கட்டிவிட்டேன். ஒன்று அவளுக்கு. இன்னொன்றுக்குக் கயிறு சுற்றும்போதுதான் கை நின்றது. இந்தத் தீவிலிருந்து மெயின்லேண்டுக்கு யார் கிளம்பினாலும் தெரிந்தவர்களுக்கென்று ஒரு பொட்டலம் அவர்கள் பையில் ஏறிவிடும். என் வீட்டிலிருந்து போனதெல்லாம் இத்தனை வருடமும் உனக்குத்தான் வந்தது. முதலில் செய்தித்தாள், அதன்மேல் பிளாஸ்டிக் கவர், அதற்கும் மேல் பழைய துண்டு. இல்லாவிட்டால் விமானம் முழுக்க நம் ஊர் மணக்கும் என்பாய். நீ கண்ணை மூடி ஒரு வருடம் முடிந்துவிட்டது. என் கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

அந்த வாடை இப்போது கூடம்வரை வருகிறது. போனை மடியில் வைத்துக்கொண்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே பத்துபஸ்தியில் இருட்டிவிட்டது. அபி இன்னும் கூப்பிடவில்லை.

இன்று அவளுக்கு வேலையில் முதல் நாள். ஆபீஸ் கிண்டியில். தங்குவது குரோம்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதி. உன் பழைய தெருவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடித்து நான்தான் பார்க்கச் சொன்னேன். உன் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். இருந்தாலும் அந்தத் தெருப் பெயராவது எனக்குத் தெரியுமே. காலையில் அவளிடம், “இருட்டுறதுக்குள்ள ரூமுக்குப் போய்ட்டு எனக்கு போன் பண்ணு” என்றேன். “டீக் ஹைம்மா, டென்ஷன் ஆகாதே” என்றாள். ஆகாமல் இருந்தால் நான் அவள் அம்மாவா?

உன்னையும் என்னையும் நினைத்துப் பார்க்கிறேன். பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தாமுக்கு பெர்ரியில் பள்ளிக்கூடம் போய் வந்தவர்கள் நாம். ஏறினால் எல்லாம் தெரிந்த முகம். ஒரு நாள் லீவு போட்டால் மறுநாள் டிக்கெட் கொடுப்பவரே, “கல் க்யோ நஹி ஆயா?” என்று நேற்று வராத காரணத்தைக் கேட்பார். பதில் சொல்லாமல் இறங்க முடியாது. அப்படி வளர்ந்த நீ கல்யாணமாகிச் சென்னைக்குப் போய், ஒரே வருடத்தில் அந்த ஊரைக் கரைத்துக் குடித்துவிட்டாய்.

என் தைராய்டு வைத்தியத்துக்காக நான் வந்து உன்னோடு தங்கியபோது, பஸ்ஸில் ஏறியதிலிருந்து பாடம்தான். “வழி கேக்கணும்னா கடை போட்டு உக்காந்திருக்கிறவங்ககிட்ட கேளு. பூக்காரம்மா, மருந்துக்கடை. தானா வந்து எங்க போகணும்னு கேக்கிறவன்கிட்ட வாயே திறக்காதே.” நான் ரோட்டோரம் நின்று போனை எடுத்தால் கையைத் தட்டிவிடுவாய். ஏதாவது ஒரு கடைக்குள் ஏறி நின்றுதான் பார்க்க வேண்டும். ரோட்டைக் கடக்க நான் நம் ஊர் மாதிரி கை காட்டினேன். “அரே பாபா, இவன் எவனும் உன் மாமா பையன் இல்ல, நிக்க மாட்டான். கூட்டத்தோட இறங்கு, நடுவுல திரும்பி ஓடாதே” என்று தோளைப் பிடித்து இழுத்தாய். யாரோ வாடகைக்கு வீடு தேடுவதாகச் சொன்னதற்கு, சாயங்காலம் போய்க் குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லு, மழைத் தண்ணீர் எதுவரை வந்தது என்று எதிர்க்கடையில் கேட்கச் சொல்லு, வீட்டுக்காரரிடம் கேட்டால் இந்தத் தெருவில் மழையே பெய்ததில்லை என்பார் என்றாய். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் அபிக்கு விடுதி பார்க்கும்போது குழாயைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

எனக்கு உறைத்த பாடம் வேறு. நீ வேலைக்குப் போயிருந்த நாளில் மாம்பலத்துக்குத் தனியாகத் துணி எடுக்கப் போனேன். “இருட்டுறதுக்குள்ள வந்துடு” என்றுதான் நீயும் சொன்னாய். நாடு முழுக்க ஒரே கடிகாரம். கிழக்கே கடலுக்குள் கிடக்கும் நமக்கு மட்டும் நாலரைக்கெல்லாம் வெயில் சாய்ந்து, சீக்கிரமே விளக்குப் போட்டாக வேண்டும். அந்தக் கணக்கில் பழகிய கண் எனக்கு. வெளியே நல்ல வெளிச்சம், இன்னும் நேரம் கிடக்கிறது என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். மணி பார்க்கவே தோன்றவில்லை. வெளிச்சம் மங்கி ஸ்டேஷனுக்கு வந்தால் ஆபீஸ் விட்ட கூட்டம். வந்த வண்டியில் ஏற முடியவில்லை. அடுத்ததில் ஏற்றிவிட்டார்கள்; குரோம்பேட்டையில் இறங்க முடியவில்லை. தாம்பரத்தில்தான் கூட்டம் என்னை வெளியே தள்ளியது. பிளாட்பாரத்தில் நின்று உனக்கு போன் செய்தபோது அழுகைதான் வந்தது.

நீ வந்தாய். முதலில் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாய். அப்புறம் சிரித்தாய் பார், அதை மறக்க மாட்டேன். “நம்ம ஊர் சூரியன் சீக்கிரமே வீட்டுக்குப் போயிடும்டி. இங்கத்து சூரியன் ஓவர்டைம் பாக்கும். அதை நம்பாதே, வாட்ச்சைப் பாரு. இறங்குற இடத்துக்கு முந்தின ஸ்டேஷன்லயே கதவுகிட்ட வந்து நில்லு.”

அதற்குப் பிறகு அபியின் அப்பா முழங்கால் வைத்தியத்துக்கு அங்கே தனியாக வந்தபோதெல்லாம், இங்கே இருட்டியதும் எனக்கு இருப்புக் கொள்ளாது. அவருக்கு போன் செய்தால் கோபிப்பார். உன்னைத்தான் கூப்பிடுவேன். “இரு, பால்கனிக்குப் போறேன்” என்பாய். செருப்புச் சத்தம் கேட்கும், கதவு திறக்கும் சத்தம் கேட்கும். “இங்க இன்னும் வெளிச்சமா இருக்குடி. போய் டீ குடி.” அவ்வளவுதான். எனக்கு மூச்சு வந்துவிடும்.

உடம்பு முடியாமல் படுத்திருந்தபோதும் அபியைப் பற்றித்தான் கேட்டாய். “படிச்சு முடிச்சா இங்கதானே வருவா. நான் இருக்கேன்ல, உனக்கென்ன பயம்?” என்றாய். நீ இல்லை. பயம் மட்டும் இருக்கிறது. உன்மேல் எனக்குக் கோபம்கூட வருகிறது, சொல்லிவிடுகிறேன்.

இப்போது அவள் நம்பரை அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வருகிறது. எந்த ரயிலில் ஏறினாளோ, எங்கே இறங்கினாளோ. பை அறுந்திருக்குமோ, போனை யாராவது பறித்திருப்பார்களோ. வழி கேட்டிருப்பாளோ, யாரிடம் கேட்டாளோ. இது இங்கத்து இருட்டு, அங்கே இன்னும் வந்திருக்காது என்று மனசுக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். சொல்வது நானாக இருந்தால் அது கேட்பதில்லை. பக்கத்து வீட்டு வங்காளி தீதி விளக்கு வைத்துச் சங்கு ஊதி முடித்துவிட்டாள். எத்தனை பேர் நம்பர் போனில் இருக்கிறது! அந்த ஊர் வானத்தை எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஓர் ஆள் இல்லை. உன் பெயர்வரை விரல் போய்விட்டுத் திரும்பியது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. வீடியோ. அவள்தான்.

“எங்கடி போய்த் தொலைஞ்சே? எவ்ளோ நேரமா உக்காந்திருக்கேன் தெரியுமா? இருட்டுறதுக்குள்ள கூப்பிடுன்னு சொன்னேனா இல்லையா?”

“கூப்டுட்டேன்லம்மா? டிரெயின்ல சிக்னலே இல்ல. பல்லாவரம் வந்ததுமே கதவுகிட்ட வந்து நின்னுட்டேன், ஆன்ட்டி சொல்வாங்கன்னு சொல்லுவியே, அது மாதிரி. அரே, இங்க பாரு, இருட்டவே இல்ல.”

விடுதி மொட்டை மாடியில் நின்றுகொண்டு போனைத் திருப்பிக் காட்டினாள். தண்ணீர்த் தொட்டி, காயும் துணிகள், அதற்கு மேலே வானம். “இங்க இன்னும் வெளிச்சமா இருக்கும்மா” என்றாள். என் பின்னால் ஜன்னல் கறுத்துக் கிடந்தது. அழுதுவிட்டேன். முதல் நாளே இப்படியா என்று அவள் சிரித்தாள்.

ஒன்று தோன்றியது. இன்ன மணிக்குக் கூப்பிடு என்று சொல்லியிருக்கலாம். வாட்ச்சைப் பார் என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய். ஆனால் போனை வைக்கும்போது மறுபடியும் “இருட்டுறதுக்குள்ள” என்றுதான் வாயில் வந்தது. இத்தனை வருடமும் அந்த ஊர் நேரத்தை எனக்குச் சொன்னது கடிகாரம் இல்லை, நீ.

உன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அடுத்து யார் போனாலும் அபிக்குக் கொடுத்து அனுப்புகிறேன். நாளைக்கும் இங்கேதான் முதலில் இருட்டும். அவள் போன் வரும்வரை நான் உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ பால்கனிக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்.