ஏணிப் பக்கம் வராத திருக்கை

என் அக்காவின் வீட்டுக்காரரும், துபாயில் நான்கு வருடம் என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுத்துக் குறட்டை விட்டவருமான அன்புச் சூசை அத்தானுக்கு,

மூன்றாம் நம்பர் தொட்டியில் திருக்கைகள் சாப்பிடுகின்றன. மற்றதெல்லாம் பிறகு. இன்று காலை டியூட்டியில் பார்த்தேன். புதிதாக வந்த திருக்கைகளில் ஒன்று ஏணிக்கு நேர் கீழே வந்து இரண்டு துண்டு கணவாயை வாங்கிக்கொண்டு போனது. நீங்கள் இருந்திருந்தால் "பாத்தியா மாப்ள" என்று ஈரக் கையோடு என் முதுகில் ஒன்று வைத்திருப்பீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிப் பதினொரு மாதம் ஆகிறது. இதைப் படிக்கப்போகிறவர்களுக்கு உங்களைத் தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அஜ்மானில் கஃபீலின், அதுதான் விசா கொடுத்த அரபி முதலாளியின், லாஞ்சில் மீன் பிடித்துக்கொண்டிருந்த உங்களை இந்த மால் அக்வேரியத்துக்கு இழுத்து வந்தவன் நான். "இருவது வருசமா புடிச்சுக் கொன்னவனக் கொண்டுபோய் மீனுக்குச் சோறூட்டச் சொல்லுதியே" என்று சிரித்தீர்கள். நான் இங்கே எலக்ட்ரிகல் டெக்னீஷியன். உங்களுக்கு எரை போடும் வேலை. ஒரே ரூம், ஒரே பஸ், ஒரே கேன்டீன் சாம்பார்.

அப்போது மூன்றாம் நம்பர் தொட்டிக்கு இரண்டு திருக்கைகள் வந்தன. புதிதாக வரும் மீன்களைக் கூட்டத்துக்குக் காட்டாமல் பின்பக்கம் வைத்திருக்கும் தொட்டி அது. எரை போடுகிறவர் ஏணியில் இறங்கி நின்றுதான் போடவேண்டும் என்பது சட்டம். இரண்டும் ஏணிப் பக்கம் வரவே இல்லை. வாசம் பிடித்து வரும், ஒரு முழத்தில் நின்று திரும்பிப் போய்விடும். ஒரு வாரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னீர்கள்.

"மாப்ள, பசியில்லாம இல்ல. ஏணிலதான் என்னமோ இருக்கு. கரண்டு கசியுதான்னு ஒரு பார்வை பாத்துரு."

நான் மீட்டரை எடுத்துவந்து தண்ணீரில் ஒரு முனையும் ஏணியில் ஒரு முனையும் வைத்துப் பார்த்தேன். சைபர். 'கசிவு இல்லை' என்று பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதோடு விட்டேனா? எல்லோர் முன்னாலும், "அத்தான், கோளாறு மீன் வயித்துல. என் கரண்டுல இல்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நீங்கள் சட்டத்தை மீறி எதிர்மூலையில் போய் எரை போட்டீர்கள். திருக்கைகள் கொஞ்சம் சாப்பிட்டன. மீதி அடியில் கிடந்து அழுகியது. கேமராவில் பார்த்து உங்களைத் தடுத்தார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் செத்தன. ரிப்போர்ட்டில், கண்ட இடத்தில் எரை போட்டுத் தண்ணீரைக் கெடுத்தது ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். கசிவு இல்லை என்ற என் பேப்பரும் அதோடு பின் அடிக்கப்பட்டிருந்தது. விசாவை ரத்து செய்து, உங்களுக்கு எக்ஸிட் அடித்து ஊருக்கு அனுப்பினார்கள். மீனுக்கு எரை வைக்கத் தெரியாதவன் என்று ஊரில் உங்களைக் கேலி செய்ததாக அக்கா சொன்னாள். ஒரு மீன்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அப்புறம் ஒரு நாள் கோயிலுக்குப் போகும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதான்.

போன மாதம் அதே தொட்டிக்கு மறுபடி இரண்டு திருக்கைகள். மறுபடி ஏணிப் பக்கம் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை புதிதாக ஒரு மீன் டாக்டர் இருந்தார். சுகந்தி, யாழ்ப்பாணத்துப் பெண். என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, நீங்கள் மீட்டரிலை பாத்தனீங்களோ?" என்றார். பார்த்தேன், சைபர் என்றேன்.

"ஏசியிலையோ டிசியிலையோ?"

 மனுஷனுக்கு ஷாக் அடிக்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை. வயரிலிருந்து கசிவது ஏசி. அதனால் குமிழை ஏசியில் வைத்தே பழக்கம். அன்றைக்கும் ஏசியில்தான் வைத்தேன். இப்போது டிசிக்குத் திருப்பினேன். முள் எழுந்தது. ஏணி ஸ்டீல். அதைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்ப் அலுமினியம். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். சேர்ந்தால் பாட்டரி. கிளாம்பைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அந்தக் கிளாம்பைப் போட்டவனும் நான்தான். ஸ்டீல் கிளாம்ப் கேட்டதற்கு ஸ்டோரில் மாஃபி, இல்லவே இல்லை என்றார்கள், கிடைத்ததை மாட்டினேன்.

செத்த திருக்கையைப் புரட்டி, வாயைச் சுற்றி ஊசியால் குத்தினாற்போல் இருந்த துளைகளை எனக்குக் காட்டினீர்களே, நினைவிருக்கிறதா? அழுத்தினால் கோந்து மாதிரி வந்தது. "இத்தன ஓட்ட சும்மாவா இருக்கும்?" என்று கேட்டீர்கள். எனக்கு டியூட்டி முடிந்திருந்தது, பஸ்ஸுக்கு ஓடினேன். அந்தத் துளைகள்தான், அத்தான். மணலுக்குள் புதைந்து கிடக்கும் நண்டின் உடம்பில் ஓடும் துளி மின்சாரத்தைக்கூடத் திருக்கை அதில் உணர்ந்துவிடுமாம். அப்படிப்பட்ட மீனின் மூக்குக்கு நேரே நான் பாட்டரியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.

சுகந்தி இன்னும் சொன்னார். மீன்களுக்கும் நமக்கும் பொதுவான ஆதி முன்னோர்களிடமே இந்தப் புலன் இருந்ததாம். சுறாவும் திருக்கையும் அதை விடாமல் வைத்துக்கொண்டன. மத்தி, அயிலை வகையறாவின் முன்னோர்கள் வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டன. தொலைத்த கூட்டத்திலிருந்தே வந்த கெளுத்தி, பல தலைமுறையாகக் கலங்கல் தண்ணீரில் பிழைத்துப் பிழைத்து, அதே புலனைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டதாம். கலங்கலில் கெளுத்திக்குக் கண் வேண்டாம் என்று நீங்கள் லாஞ்சில் பார்த்துச் சொன்னது சரிதான். தரைக்கு ஏறிய நம் முன்னோர்களுக்குக் காற்றில் அது உபயோகப்படவில்லை, போய்விட்டது. "எங்களிட்டை இல்லாததாலை, அவைக்கும் இல்லையெண்டு நினைக்கிறம்" என்றார்.

நமக்குப் புலன் போய்விட்டது, பதிலுக்கு எனக்கு மீட்டர் இருந்தது. குமிழைத் திருப்பத்தான் புத்தியில்லை. மீட்டரே இல்லாமல் மீன் திரும்புகிற விதத்தைப் பார்த்தே நீங்கள் எப்படி அத்தான் கண்டுபிடித்தீர்கள்?

கிளாம்பை மாற்றினேன். மூன்றாம் நாள் திருக்கைகள் ஏணிக்கு வந்தன. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்படியே விட்டுவிடலாம் என்று நான்கு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும், பிள்ளைகள் படிப்பு இருக்கிறது. ஐந்தாம் நாள் பழைய பேப்பரோடு மேனேஜரிடம் போனேன்.

"கலாஸ், முடிஞ்ச கதை, மிக்கேல். ஆளே போயாச்சு. இப்ப எதுக்கு?" என்றார்.

"ஆள் போயிட்டாரு சார். பேரு இன்னும் இந்த ஃபைல்ல இருக்கு" என்றேன்.

டாக்டரும் எழுதிக் கொடுத்தார். எரை போட்டவர் மீது தவறில்லை, பரிசோதனை தவறு, என்று ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு வார்னிங் லெட்டர். கான்ட்ராக்ட் என்ன ஆகும் என்று தெரியாது.

அக்காவுக்குப் போன் பண்ணினேன். ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்றுதான் இருந்தேன்.  ஆனால் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அவிய உன்னய ஒரு வார்த்த சொன்னதில்லல. 'மாப்ள மெஷின்ல பாத்துட்டான், அப்ப எங் கண்ணுதான் தப்பு. கடல்ல இருந்து வந்து எல்லாம் மறந்துபோச்சு போல'ன்னுதான் சொல்லிட்டிருந்தாவ. கடைசி வரைக்கும்."

என்மேல் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னை நம்பி உங்கள் கண்ணையே சந்தேகப்பட்டீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனை வைத்துவிட்டுப் பம்ப் ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

வரும் மாதம் ஊருக்கு வர லீவு கிடைத்திருக்கிறது. அந்த வெள்ளைப் பொடி பிடித்த கிளாம்பைப் பெட்டியில் வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் டீக்கடையில் கூடியிருக்கும்போது அதை மேஜையில் வைப்பேன். எல்லோரையும் உங்களைப் பார்த்துச் சிரிக்கவைத்தவன் நான். அதனால் எல்லோர் முன்னாலும், தப்பு மீனிடமும் இல்லை, சூசை அத்தானிடமும் இல்லை, என்னிடம் என்று சொல்வேன். சிரிப்பவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும். அதை முடித்துவிட்டுத்தான் உங்கள் கல்லறைக்கு வருவேன். அதற்கு முன் வர எனக்கு முகம் இல்லை.

உங்கள் கண் தப்பில்லை, அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் பிலோமினாவின் தம்பி, நீங்கள் நம்பிய மாப்ள,
மிக்கேல்