இறங்கிய கை

அன்புள்ள அப்பாவுக்குச் செல்வி எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று எங்கள் பனியன் கம்பெனிக்கு வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தார். ஆரத்தி எடுக்க ஹாஸ்டல் பெண்களைத்தான் வாசலில் நிறுத்தினார்கள். நான் தட்டைச் சுற்றி முடித்ததும் குனிந்து கும்பிட்டார். "கண்ணு, உனக்கு ஓட்டு எந்த பூத்து?" என்றார்.

"விளாத்திகுளம் பக்கம்" என்றேன்.

கும்பிட்ட கை அப்படியே இறங்கிவிட்டது. "ஏனுங்க, இதெல்லாம் முன்னாலயே சொல்றதில்லீங்களா?" என்று மேனேஜரைக் கடிந்துகொண்டு, உள்ளூர்க்காரர்கள் நின்ற பக்கம் போய்விட்டார். ஆரத்தி எடுக்க மட்டும் நான் இந்த ஊர்க்காரியாம். சிரிப்புத்தான் வந்தது, நீங்கள் வருத்தப்படாதீர்கள்.

ஓட்டை இங்கே மாற்றலாமென்றால், ஹாஸ்டல் விலாசத்தைத் தர வார்டன் மறுக்கிறார். ஓட்டுப் போட ஊருக்கு வர லீவு கேட்டேன். ஷிப்மெண்ட் இருக்கிறதாம்.

இங்கே சாப்பாடு இறங்கவில்லை. யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் கருவாடு கொடுத்துவிடுங்கள்.

கம்பெனிச் சங்கு ஊதிவிட்டது. ஒன்று மட்டும் அப்பா: ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் வீட்டில் எத்தனை ஓட்டு என்று கேட்டால், என்னையும் சேர்த்தே சொல்லுங்கள். நான் வரமாட்டேன் என்று தெரிந்தால், உங்களைக் கும்பிடும் கையும் இறங்கிவிடும்.

மாரிச்செல்வி