பக்கத்து சீட்டில் வந்த பிரெஞ்சுக்காரர்

இன்று காலை, குளிர் தொடங்கிய பிறகு முதல் தடவையாகக் காரில் ஹீட்டரைப் போட்டேன். எங்கிருந்தோ ஆரஞ்சுத் தோல் வாசனை கிளம்பியது. நீ உரித்துப் போட்டதில் ஒரு துண்டு இன்னும் சீட்டுக்கடியில் கிடக்கிறது போல. அதைத் தேடி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நியூஜெர்சியில் ஐசலினிலிருந்து பார்சிப்பனி ஆபீஸுக்குத் தோழிகள் நாம் இருவரும் ஒரே காரில் போய்வந்த காலம். நான் ஓட்டுவேன், நீ ஆரஞ்சு உரித்தபடி கதை சொல்வாய். ஊரெல்லாம் சீரியல் கதை பேசும்போது உனக்கு மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஒருவர் கிடைத்தார். காரைக்காலில் பிரெஞ்சு படித்து வளர்ந்தவள் நீ. அவர் எழுதியதை நேராக அவர் மொழியிலேயே படித்தாய். அச்சகக்காரரின் மகன், சின்ன வயதில் அப்பாவோடு அச்செழுத்துக் கோத்தவர், பிறகு ஆவணக் காப்பகத்தில் தூசியோடு தூசியாக உட்கார்ந்து ராஜாக்களைவிட சாதாரண ஜனங்களைத் தேடியவர் என்று நாளுக்கொரு துண்டாகச் சொன்னாய். ஆபீஸ் பார்க்கிங் வந்ததும் சரியாக ருசியான இடத்தில் நிறுத்திவிடுவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் வீட்டுக்குப் போய், "பாவம், அந்த மனுஷனுக்கு வேலை போயிடுச்சுங்க" என்றேன். ஆபீஸில் லேஆஃப் தொடங்கிவிட்டது என்று என் கணவர் வெலவெலத்துப் போனார். மறுநாள் அதைச் சொன்னதும் ஃப்ரீவே முழுக்கச் சிரித்தாய்.

வேலை போன காரணம்தான் நம் சண்டைக்கு விதை. குடியரசைக் கவிழ்த்துத் தன்னைப் பேரரசன் ஆக்கிக்கொண்டவனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க அவர் மறுத்துவிட்டார்.

"நாலு வரி சொல்லிட்டு வேலைய காப்பாத்திக்கிட்டிருக்கலாம்லடி" என்றேன்.

"சொல்லியிருக்கலாம். அதுக்கப்புறம் என்ன எழுதினாலும் அவருக்கே நம்பிக்கை வராது."

உனக்கு கிரீன் கார்டு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நான் விடாமல் நச்சரிப்பேன். "சிட்டிசன்ஷிப் அப்ளை பண்ணேன். கடைசியில ஒரு ஓத், உறுதிமொழி, வாயால சொல்றதுதானே?"

"வாயால சொல்றதுதானடி எல்லாமே. இன்னும் எனக்கு முழு மனசு வரல. வர்ற அன்னிக்கு பண்றேன்."

உன் பிடிவாதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிரான்ஸில் என்றோ யாருக்கோ வேலை போனதற்கு நியூஜெர்சியில் நீ ஏன் அடம்பிடிக்கிறாய் என்று கேட்டேன். நீ ஒரு சுளையை என் வாயில் திணித்து, "ரோட்டைப் பார்" என்றாய்.

உனக்கு அந்த மனசு வருவதற்குள் வியாதி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் உன்னிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், "அவருக்கு வேலை திரும்பக் கிடைச்சுதா?" என்றேன். பாரிஸை விட்டுப் போனார், கையில் காசில்லாமல் கஷ்டப்பட்டார், பறவைகளைப் பற்றியும் கடலைப் பற்றியும்கூட எழுதினார் என்று மெல்லச் சொன்னாய். பிறகு, "வேலை கிடைக்கல. எழுத வந்ததை எழுதி முடிச்சாரு" என்று கண்ணை மூடிக்கொண்டாய். அதுதான் நீ சொன்ன கடைசித் துண்டு.

நாளை நீவார்க்கில் எனக்குக் குடியுரிமை ஓத். நேற்று அந்த வரிகளை எடுத்து வாய்விட்டுப் படித்தேன். பிறந்த நாட்டின் மீதுள்ள விசுவாசத்தைத் துறக்கிறேன் என்ற இடம் வந்ததும் மறுபடி முதல் வரிக்கே போனேன். மகள் எட்டிப் பார்த்து, "ஜஸ்ட் ரிப்பீட் ஆஃப்டர் தெம், அம்மா. நோபடி இஸ் லிஸனிங்" என்றாள். நான் உன்னிடம் சொன்னதையேதான் அவள் என்னிடம் சொல்கிறாள்.

ராத்திரி சாப்பிடும்போதும் அதே யோசனை. என் வீடு இங்கே, வேலை இங்கே, மகள் இங்கே. உன்னை வழியனுப்பியதும் இந்த மண்ணில்தான். பிறந்த ஊர் மீதான பாசத்தை யாரும் விடச் சொல்லவில்லை என்பதும் மெல்லப் புரிந்தது. உறுதிமொழியை எடுக்கத்தான் போகிறேன். ஆனால் உன் 'இன்னும் மனசு வரல' எவ்வளவு நிஜமோ, என் 'சரி'யும் அவ்வளவு நிஜமாக இருக்க வேண்டும். உன்னைத் தெரியாமல் இருந்திருந்தால் அதை வெறும் வாயால் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

நாளைக் காலையில் நான்தான் ஓட்டுகிறேன். மகளைப் பின்னால் உட்காரச் சொல்லியிருக்கிறேன், பக்கத்து சீட் உனக்கு. யாரும் கேட்கவில்லை என்கிறாள் அவள், நீ கேட்பாய்.