கருமுட்டைகள் பிரிந்தன

அடி பிடிவாதக்காரி,

நீதான் ஜெயித்தாய்! எலிக்குட்டி பிறந்து, தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் குறைந்த பிறகுதான் அதன் சூலகத்தில் கொத்தாக ஒட்டியிருக்கும் கருமுட்டைகள் தனித்தனியாகப் பிரிகின்றன. பிறந்த பிறகும் அந்த ஹார்மோனை ஊசியில் கொடுத்த குட்டிகளில் பெரும்பாலான கொத்துகள் கலையவே இல்லை. மூன்று முறை செய்து பார்த்துவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆய்வகக் கூட்டத்தில் நீ இதைத்தான் சொன்னாய். அன்று முதலில் சிரித்தது நான்தான் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. மறுநாளே வேலையை விட்டுப் போனாய்.

இன்று நுண்ணோக்கியில் பார்த்த பேராசிரியர் துள்ளிக் குதித்தார்.

"யாரோட யோசனைம்மா இது?"

"நம்மள விட்டுப் போனாளே, அவளோடது சார். கட்டுரையில அவ பேருதான் முதல்ல வரணும்."

"வரட்டும்! முதல்ல அவளைக் கூப்பிடு!"

கட்டுரையின் முதல் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் நேரில் வந்து திட்டு.

இப்படிக்கு,
உன் ஆய்வகத் தோழி